புள்ளியைக் கண் மன்னிக்கும், கோட்டை மன்னிக்காது

ஃபுல் ஃபிரேம் கேமராக்களை, அதாவது ஒளியைப் பிடிக்கும் சென்சார் 36க்கு 24 மி.மீ. உள்ளவற்றை, ஒப்பிட உட்கார்ந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் திறப்பது ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு எண்) 6400 படங்களைத்தான். இரண்டு பாடியின் (லென்ஸ் நீங்கலான கேமராவின்) படங்களையும் அருகருகே வைத்து, 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, எதில் நாய்ஸ், அதாவது படத்தில் இறையும் புள்ளிகள், குறைவு என்று தேடுவார்கள். 2012க்குப் பிறகு வந்த கேமராக்களில் இந்தத் தேடல் அநேகமாக வீண். உயர் ஐஎஸ்ஓவில் அவற்றுக்குள் இருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் அரை ஸ்டாப்பைச் சுற்றியே நிற்கும் (ஒளி இரட்டிப்பதோ பாதியாவதோ ஒரு ஸ்டாப்). ஆனால் அதே கேமராக்களின் மற்ற குறைகளை எடுத்துக்கொண்டால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

நாய்ஸின் பெரும்பகுதியைக் கேமரா உண்டாக்குவதில்லை, ஒளியே உண்டாக்குகிறது. ஒளி மழைத்துளி போல ஃபோட்டான் ஃபோட்டானாக வந்து விழுகிறது. சீராகப் பெய்யும் மழையிலும் ஒரு தட்டில் விழும் துளிகளின் எண்ணிக்கை கணத்துக்குக் கணம் மாறும். சராசரியாக 100 ஃபோட்டான் விழும் பிக்சலில் ஏற்ற இறக்கம் 10. 10,000 விழும் பிக்சலில் 100. முன்னதில் பத்தில் ஒரு பங்கு பிசகு, பின்னதில் நூறில் ஒரு பங்கு. எனவே நாய்ஸைத் தீர்மானிப்பது சென்சார் மொத்தமாக எவ்வளவு ஒளியைப் பிடித்தது என்பதே. 36க்கு 24 மி.மீ. என்ற பரப்பு, சிறிய ரகமான ஏபிஎஸ்-சி சென்சாரைப்போல இரண்டேகால் மடங்குக்குச் சற்று அதிகம், அதில் கிடைக்கும் லாபம் சுமார் ஒன்றேகால் ஸ்டாப். ஒரே பரப்புள்ள இரண்டு சென்சார்கள், விழும் ஒளியில் ஏறக்குறைய ஒரே பங்கைப் பிடிக்கும்போது, மிச்சம் இருப்பது சில்லறை வித்தியாசம்தான்.

பிக்சல் எண்ணிக்கை கூடினால் நாய்ஸ் கூடும் என்ற நம்பிக்கையும் 100 சதவீதப் பார்வை தந்த மயக்கம். 24 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 6 மைக்ரான், 61 மெகாபிக்சலில் சுமார் 3.8 மைக்ரான். சிறிய பிக்சல் ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்தால் நாய்ஸ் அதிகம்தான். இரண்டு படங்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால் பல சிறிய பிக்சல்கள் ஒன்றாகக் கலந்து அந்த வித்தியாசம் கரைந்துவிடும். ஒப்பீட்டுக்கு ஓர் அச்சளவை நிர்ணயித்துக்கொள்ளுங்கள். திருமண ஆல்பத்தின் 12க்கு 36 அங்குல விரிப்பில் ஒரு பக்கம் 12க்கு 18. அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3600க்கு 5400 பிக்சல், அதாவது 19 மெகாபிக்சல் சொச்சம். இரண்டு கேமராவின் படங்களையும் இந்த அளவுக்குச் சுருக்கிய பிறகு பாருங்கள்.

ஒப்பீடு நேர்மையாக இருக்க இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ஐஎஸ்ஓ எண்ணை நம்பி ஒப்பிடக் கூடாது. ஒரு நிறுவனத்தின் 3200 இன்னொன்றின் 3200க்குச் சமமாக இருக்கும் என்று உறுதியில்லை. அப்பர்ச்சரையும் ஷட்டர் வேகத்தையும் இரண்டிலும் ஒன்றாக வைத்து, ஒரே விளக்கொளியில் எடுங்கள். முடிந்தால் அடாப்டர் வழியாக இரண்டு பாடியிலும் ஒரே லென்ஸைப் பொருத்துங்கள். லென்ஸ் திறப்பை (அப்பர்ச்சரை) எஃப்/8ஐத் தாண்டிச் சுருக்காதீர்கள். எஃப்/16இல் ஒளி விரிந்து விழும் வட்டத்தின் விட்டம் 21 மைக்ரான் வரும். 61 மெகாபிக்சலின் கூர்மை முழுக்க அதற்குள் மூழ்கிவிடும். இரண்டு ரா கோப்புகளையும் (ஜேபெக் ஆக்காமல் கேமரா எழுதும் மூலக் கோப்பு) ஒரே மென்பொருளில் திறந்து, நாய்ஸ் குறைப்பு, ஷார்ப்னிங், லென்ஸ் திருத்தம் மூன்றையும் பூஜ்யமாக்குங்கள். லைட்ரூம் என்ற திருத்த மென்பொருள் நீங்கள் கேட்காமலே வண்ண நாய்ஸைக் குறைத்து, ஷார்ப்னிங்கும் சேர்த்துத்தான் படத்தைத் திறக்கும். இலவசமாகக் கிடைக்கும் ரா தெரப்பியும் டார்க்டேபிளும் இந்த வேலைக்குப் போதும்.

இவ்வளவும் செய்தபின் நாய்ஸ் அளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இனிப் பார்க்க வேண்டியது நாய்ஸின் உருவம். வாசலில் கோலப்பொடி கொஞ்சம் சிதறினால் யார் கண்ணிலும் படாது, ஓர் இழை கோணினால் தெருவில் போகிறவருக்கும் தெரியும். படமும் அப்படித்தான். ஒழுங்கில்லாமல் இறைந்த புள்ளிகளைக் கண் தோலின் தன்மையாகவோ சுவரின் சொரசொரப்பாகவோ ஏற்றுக்கொள்ளும். அதில் பாதி அளவு மட்டுமே உள்ள ஒழுங்கான கோடுகளை உடனே பிடித்துவிடும். நாய்ஸ் நீக்கும் மென்பொருள்களும் சிதறிய புள்ளிகளை நீக்கும், கோடுகளைப் படத்தின் விவரம் என்று நினைத்து விட்டுவைக்கும், சிலசமயம் கூர்மையாக்கியும் தரும்.

இதற்கு நல்ல பாடம் 2008இல் வந்த கேனன் 5டி மார்க் 2. 21.1 மெகாபிக்சல், முழு எச்டி வீடியோ என்று பெயர் வாங்கிய கேமரா. ஐஎஸ்ஓ 100இல் எடுத்த படத்தின் நிழல் பகுதியைக் கம்ப்யூட்டரில் மூன்று ஸ்டாப் தூக்கினால், அதாவது வெளிச்சமாக்கினால், துணி நெய்ததுபோல் கோடுகள் எழும். அந்தத் தலைமுறைக் கேனன்களில் பிக்சலின் மின்சைகை எண்ணாக மாறுவது சென்சாருக்கு வெளியே இருக்கும் தனிச் சில்லில். சைகை பல தடங்களில் பிரிந்து அங்கே போகிறது. ஒவ்வொரு தடமும் மயிரிழை வேறுபட்டாலும் அது படத்தில் கோடாகப் பதிந்துவிடும். சோனி தன் சென்சார்களில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு மாற்றியைச் சென்சாரின் மேலேயே வைத்தது. 2012இன் நிக்கான் டி800இல் நிழலை நான்கு ஸ்டாப் தூக்கியும் படம் தாங்கியது இதனால்தான். கேனன் ஃபுல் ஃபிரேம் வரிசையில் இந்த மாற்றம் 2016இல், 1டி எக்ஸ் மார்க் 2இலும் 5டி மார்க் 4இலும் வந்தது.

கேனன் பாடி தேடுகிறவர்களை இங்கே ஒன்று ஏமாற்றும். புதியது என்றால் மேலானது என்ற கணக்கு 6டி மார்க் 2விடம் பலிக்காது. 5டி மார்க் 4க்கு ஒரு வருடம் பின்னால், 2017இல் வந்தும், அதன் 26.2 மெகாபிக்சல் சென்சார் குறைந்த ஐஎஸ்ஓவில் பழைய தலைமுறையின் டைனமிக் ரேஞ்சையே (ஒரே படத்தில் பிடிக்க முடிந்த இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள இடைவெளி) தருகிறது. 2019இல் வந்த கேனன் ஆர்பியும் அதே வழி. இவை மோசமான கேமராக்கள் அல்ல. தோல் நிறமும் ஃபோகஸும் அருமை. மண்டபத்துக்குள் ஐஎஸ்ஓ 1600க்கு மேல் வேலை செய்கிறவருக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது. சூரியன் மறையும் வேளையில் வானத்தைக் காப்பாற்றிக்கொண்டு முன்புறத்தைத் தூக்குகிறவருக்கு முதல் நாளே தெரிந்துவிடும். இந்தப் பாடிகளில் ஹைலைட் (மிக வெளிச்சமான பகுதி) வெட்டுப்படாத எல்லைவரை எக்ஸ்போஷரைக் கூட்டி எடுங்கள். ஒளி குறைந்தால் ஐஎஸ்ஓவைக் கேமராவிலேயே ஏற்றுங்கள், பிறகு கம்ப்யூட்டரில் தூக்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

சோனி, நிக்கான் பக்கம் கணக்கு வேறு. அங்கே பல சென்சார்களில் பிக்சலின் மின்சைகையைப் பெருக்க இரண்டு நிலைகள். சோனி ஏ7 மார்க் 3இல் இரண்டாவது நிலை ஐஎஸ்ஓ 640இல் தொடங்குகிறது. நிக்கான் டி850, இசட்7 இரண்டிலும் 400இல், இசட்6இல் 800இல். ஏ7 மார்க் 3இல் ஐஎஸ்ஓ 500இல் எடுத்த படத்தின் நிழலைவிட 640இல் எடுத்ததன் நிழல் சுத்தமாக இருக்கும். 400, 500 என்று நிற்பதைவிட ஒரு படி ஏறி 640க்குப் போவது லாபம். அதற்கு மேல் ஏற்றுவதில் நிழலுக்குப் பெரிய ஆதாயம் இல்லை, ஹைலைட்தான் நஷ்டம்.

அடுத்தது ரா கோப்பு. ரா என்றால் சென்சார் தந்ததை அப்படியே எழுதிவைத்தது என்று நம்புகிறோம். எல்லாக் கேமராவும் அப்படிச் செய்வதில்லை. தொடக்க கால ஏ7 கேமராக்களின் சுருக்கப்பட்ட ரா கோப்பு 16 பிக்சல்களை ஒரு கட்டாக எடுக்கும். அந்தக் கட்டுக்குள் மிக உயர்ந்த மதிப்பையும் மிகத் தாழ்ந்ததையும் 11 பிட்டில் எழுதும், அவை இருக்கும் இடத்தை நான்கு நான்கு பிட்டில் எழுதும், மீதி 14 பிக்சல்களுக்கும் தாழ்ந்த மதிப்பிலிருந்து உள்ள தூரத்தை 7 பிட்டில் மட்டும் எழுதும். கூட்டினால் 128 பிட், பிக்சலுக்கு ஒரு பைட். முகம், சுவர், மரம் எதிலும் இது தெரியாது. இருட்டு வானத்தின் குறுக்கே ஓடும் நட்சத்திரத் தடத்தின் ஓரத்திலும், இரவு விளக்குப் பலகையின் விளிம்பிலும் தெரியும். ஒரே கட்டுக்குள் மிகப் பிரகாசமும் மிக இருட்டும் சேரும்போது 7 பிட் போதாமல் ஓரம் கட்டம் கட்டமாகச் சிதைகிறது. 2015 அக்டோபரில் ஏ7ஆர் மார்க் 2க்கு வந்த ஃபெர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) சுருக்காத ராவைத் தந்தது. ஏ7 மார்க் 3இலும் அந்த வசதி உண்டு, கோப்பின் எடை ஏறக்குறைய இரட்டிக்கும். 2021இன் ஏ1, ஏ7 மார்க் 4 முதல் இழப்பில்லாச் சுருக்கம் வந்துவிட்டது. பழைய சோனியில் இரவுப்படம் எடுப்பவர் சுருக்காத ராவை வைத்துக்கொள்ள வேண்டும்; மற்றவர்கள் இதற்காகக் கார்டை நிரப்ப வேண்டியதில்லை.

விண்படம் எடுப்பவர்களை இன்னும் வருத்தியது நட்சத்திரம் தின்னும் குறை. சில விநாடிகளுக்கு மேற்பட்ட எக்ஸ்போஷரில் சில சோனி கேமராக்கள், அக்கம்பக்கத்தைவிடத் தனியாகப் பிரகாசிக்கும் பிக்சலைக் கெட்ட பிக்சல் என்று முடிவுகட்டி, அதன் மதிப்பைப் பக்கத்துப் பிக்சல் அளவுக்கு இறக்கிவிடும். கூர்மையான லென்ஸில் மங்கலான நட்சத்திரம் ஒரே பிக்சலில்தான் விழும், அதனால் அதுவும் போய்விடும். லென்ஸ் எவ்வளவு நல்லதோ இழப்பு அவ்வளவு அதிகம். மெனுவில் நாய்ஸ் குறைப்பை அணைத்தாலும் இது அணையாது. கேனன் ஆர்5 தலைமுறையிலும் குறைந்த ஐஎஸ்ஓ ராவில் மெல்லிய நாய்ஸ் குறைப்பு கலந்திருப்பதை அளவீட்டுத் தளங்கள் கண்டு சொல்லியிருக்கின்றன. அங்கே படத்துக்குத் தெரியும்படி கேடில்லை. ஆனால் அதன் டைனமிக் ரேஞ்ச் எண்ணை இன்னொரு கேமராவின் எண்ணோடு நேருக்கு நேர் வைப்பது சரியான ஒப்பீடாகாது.

மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்கள் கொண்டுவந்த புதிய கோடு, ஃபோகஸ் பிக்சல்களின் கோடு. சோனியும் நிக்கானும் குறிப்பிட்ட வரிசைகளில் சில பிக்சல்களைப் பாதி மறைத்து அவற்றைக் கொண்டு ஃபோகஸ் கணக்கிடுகின்றன. இதிலிருந்து இரண்டு விதமாகக் கோடு வரும். நிக்கான் இசட்7இல் நிழலை நான்கு, ஐந்து ஸ்டாப் தூக்கினால் மங்கலான கிடைப் பட்டைகள் தெரியக்கூடும். இன்னொன்று எதிர்வெயிலில் வருவது. சூரியனோ மேடை விளக்கோ ஃபிரேமின் ஓரத்தில் நின்று ஃப்ளேர் (லென்ஸுக்குள் சிதறிய ஒளி) பரவும்போது, சாய்வாக வந்த ஒளி அந்த மறைப்புகளில் பட்டுப் பக்கத்துப் பிக்சலில் தெறிக்கிறது. ஃப்ளேர் படர்ந்த இடம் முழுக்கச் சீப்பு வாரியதுபோல் கோடுகள். ஏ7 மார்க் 3இல் இதைத் தெளிவாகக் காணலாம். கேனனின் இரட்டைப் பிக்சல் முறையில் ஒவ்வொரு பிக்சலும் இரண்டாகப் பிளந்திருப்பதால் மறைப்பு வரிசையே கிடையாது, இந்தச் சீப்புக் கோடும் கிடையாது. எதிரொளியில் மணமக்களை நிறுத்தி ஃப்ளேரை வேண்டுமென்றே வரவழைக்கிறவர்கள் பாடி தேர்ந்தெடுக்கும்போது இதை முதலிடத்தில் வைக்கலாம் என்பது என் கருத்து. கையில் இருப்பது ஏ7 மார்க் 3 என்றால் விளக்கை ஃபிரேமின் ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே கொண்டுவாருங்கள், அல்லது லென்ஸின் மேல் கையால் நிழல் கட்டுங்கள். ஏற்கனவே எடுத்த படத்துக்கு ரா தெரப்பியில் இந்தக் கோடுகளுக்கென்றே ஒரு வடிகட்டி இருக்கிறது.

கண்ணாடி வைத்த கேமராவும் ஃப்ளேரில் தப்பவில்லை. 2014இன் நிக்கான் டி750இல், ஃபிரேமின் மேல் விளிம்பை ஒட்டிப் பலத்த ஒளி வந்தால் ஃப்ளேரின் நடுவே கத்தியால் வெட்டியதுபோல் இருண்ட பட்டை விழும். நிக்கான் அதை இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது.

மற்ற எல்லாவற்றையும்விட இன்று அதிகப் படங்களைக் கெடுப்பது எலக்ட்ரானிக் ஷட்டரும் எல்இடி விளக்கும் சேரும் இடம். சத்தமில்லாத இந்த எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிக்கப்படுகிறது. முழு ஃபிரேமையும் படிக்க 61 மெகாபிக்சல் ஏ7ஆர் மார்க் 5 சுமார் பத்தில் ஒரு விநாடி எடுக்கும். நிக்கான் இசட்8, இசட்9 சுமார் 270இல் ஒரு விநாடி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி விளக்கு விநாடிக்கு 100 முறை மினுங்கும். பத்தில் ஒரு விநாடிக்குள் பத்து மினுக்கம், படத்தில் பத்துப் பட்டை. இசட்8இல் அரை மினுக்கம்கூட ஆகாது. பட்டை வராமல் ஒரு பக்கம் சற்று இருண்டு போகும், அவ்வளவே. பட்டை வராமல் தடுக்க ஷட்டர் வேகத்தை 1/100, 1/50 என்று வையுங்கள். ஒவ்வொரு வரிசையும் முழு மினுக்கத்தை வாங்கிக்கொள்வதால் சமமாகிவிடும். 1/125, 1/160இல் பட்டை திரும்ப வரும்.

மேடை எல்இடிகளும் எல்இடி சுவர்களும் வேறு ரகம். மங்கலாக்குவதற்காக அவை விநாடிக்கு ஆயிரம் முறையோ அதற்கு மேலோ அணைந்து எரியலாம். ஆயிரம் என்று வைத்தால், மெக்கானிக்கல் ஷட்டரின் திரை ஃபிரேமைக் கடக்கும் நான்கு மில்லிவிநாடிக்குள்ளும் நான்கு மினுக்கம். எனவே மெக்கானிக்கலுக்கு மாறினாலும் வேகமான ஷட்டரில் பட்டை வரலாம், முழுத் தீர்வு கிடையாது. கேமராவில் 1/200.6 போல நுணுக்கமாக ஷட்டர் வேகத்தை மாற்றும் வசதி இருந்தால், திரையைப் பார்த்துக்கொண்டே பட்டை கரையும் எண்ணைத் தேடுங்கள். இல்லையென்றால் 1/100க்கு இறங்குவதுதான் வழி. இந்தத் தொல்லையை அடியோடு ஒழிப்பது ஃபிரேம் முழுவதையும் ஒரே கணத்தில் பிடிக்கும் சென்சார். சோனி ஏ9 மார்க் 3 அப்படிப்பட்டது. அதற்கு ஒரு விலை இருக்கிறது: அடிப்படை ஐஎஸ்ஓ 250இல்தான் தொடங்குகிறது, டைனமிக் ரேஞ்சும் குறைவு. நடுவழியாக 2024இல் வந்த நிக்கான் இசட்6 மார்க் 3 சுமார் 70இல் ஒரு விநாடியில் படிக்கும், குறைந்த ஐஎஸ்ஓ நிழலில் இசட்6 மார்க் 2வைவிடச் சற்று அழுக்கு. இப்போதைக்கு வேகமும் ஆழமான நிழலும் ஒரே சென்சாரில் முழுதாகக் கிடைப்பதில்லை. விளையாட்டும் மேடையும் எடுப்பவர் வேகத்தையும், நிலக்காட்சி எடுப்பவர் நிழலையும் வாங்கட்டும்.

ஷட்டரிலேயே பிறக்கும் குறைகளும் உண்டு. ஷட்டரைத் திறக்கும் முதல் திரை எலக்ட்ரானிக்காகவும் மூடும் இரண்டாவது மெக்கானிக்கலாகவும் இருக்கும் முறையில், எஃப்/1.4 லென்ஸில் 1/2000இல் எடுத்தால் பின்னணி ஒளிவட்டங்களின் ஒரு பக்கம் வெட்டுப்பட்டு நிற்கும். 1/1000க்கு மேலே முழு மெக்கானிக்கலுக்கு மாறிக்கொள்ளுங்கள். ஆர்பியிலும் சோனி ஏ7சியிலும் மெக்கானிக்கல் முதல் திரையே இல்லை, அங்கே என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடி) போட்டு வேகத்தைக் குறைக்க வேண்டும். இதற்கு எதிர்க்கோடி 2013இன் ஏ7ஆர். 36 மெகாபிக்சல், எலக்ட்ரானிக் முதல் திரை கிடையாது. ஷட்டர் அதிர்வே டெலி லென்ஸில் 1/100 வாக்கில் படத்தை மங்கலாக்கும். டிரைபாடில் வைத்தும் தப்பாது.

மூலைகளைப் பற்றிச் சுருக்கமாக: அகலத் திறந்த எஃப்/1.4 லென்ஸ் மூலையில் இரண்டு ஸ்டாப் இருட்டு தருவது சாதாரணம். திருத்தம் போட்டதும் மூலை வெளுக்கும், கூடவே நாய்ஸும் ஏறும். ஐஎஸ்ஓ 1600 படத்தின் மூலை 6400 மாதிரி இருக்கும். அதைச் சென்சார் கணக்கில் எழுதாதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் பாடி வாங்கப் போகிறவருக்கு அரை மணி நேரம் போதும். ஒரு கார்டு, 50 மி.மீ. லென்ஸ், லேப்டாப் எடுத்துப் போங்கள். லென்ஸ் மூடியைப் போட்டு ஐஎஸ்ஓ 100இல் ஒரு ரா, 6400இல் ஒரு ரா, 30 விநாடியில் ஒரு ரா எடுத்து, ஐந்து ஸ்டாப் தூக்கிப் பாருங்கள். கோடு இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் கருஞ்சிவப்பு ஏறுகிறதா, கெட்ட பிக்சல்கள் எத்தனை என்று தெரிந்துவிடும். பிறகு மெக்கானிக்கல் ஷட்டரில், வெயில் படும் வெள்ளைச் சுவரை 1/4000இலும், பாடியில் இருந்தால் 1/8000இலும் ஐந்தாறு முறை எடுங்கள். ஃபிரேமின் ஒரு விளிம்பு இருண்டாலோ படத்துக்குப் படம் வெளிச்சம் மாறினாலோ திரை தேய்ந்துவிட்டது என்று பொருள். ஷட்டர் கவுண்ட் எண் (ஷட்டர் இதுவரை எத்தனை முறை அடித்தது என்ற கணக்கு) என்ன சொன்னாலும் சரி.

கடைசியாக எஃப்/16இல், ஃபோகஸைக் கெடுத்து, வானத்தையோ சுவரையோ கேமராவை மெல்ல அசைத்தபடி எடுத்து, கான்ட்ராஸ்ட்டை ஏற்றிப் பாருங்கள். மங்கிய கரும்பொட்டு தூசி, ஊதினால் போகும். ஊதியும் போகாமல் ஓரம் தெளிந்த வட்டமாக நிற்பது பெரும்பாலும் எண்ணெய்த் துளி, அதற்கு ஈரத் துடைப்பு வேண்டும். 2012இன் நிக்கான் டி600 இன்றும் சல்லிசாகக் கிடைக்கிறது. அதன் குறை இதுவே. படத்தின் இடது மேல்மூலையில் பொட்டுகள் குவியும். 2014இல் நிக்கான் ஷட்டரையே இலவசமாக மாற்றிக் கொடுத்தது. டி600 பார்க்கிறவர் ஷட்டர் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் சென்சாரைத் துடைத்து, நூறு இருநூறு முறை ஷட்டரை அடித்து, அதே வானத்தை மறுபடி எடுங்கள். இடது மேல்மூலை அப்போதும் சுத்தமாக இருந்தால் வாங்கலாம். அதன் 24 மெகாபிக்சல் சென்சாரில் நிழலைத் தூக்கினால் கோடு எழாது.